எதிராளி நல்லா ஆடட்டும்!

(இந்த வாரம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் இந்தியா – பாகிஸ்தான் கிரிக்கெட் பற்றித்தான். கேட்டவர்களில் பலர் இப்போதுதான் மேட்ச் பார்க்கத் தொடங்கியவர்கள். எனவே இந்த வாரப் பக்கம் முழுவதும் அவர்களுக்கே. கேளுங்கள், மாமா ரெடி!)

கே (புது மருமகள், பொன்னேரி): புகுந்த வீட்டில் எல்லாருக்கும் கிரிக்கெட் பைத்தியம். பாகிஸ்தான் மேட்ச் என்றால் அடுப்பே எரிவதில்லை. நான் எங்கிருந்து ஆரம்பிப்பது மாமா?

ப: ஸ்கோரை விடு மகளே, முகங்களைப் பார். மற்ற மேட்சில் கேட்சை விட்டவன் தலையைச் சொறிந்துவிட்டு அடுத்த பந்துக்குப் போய்விடுவான். இந்த மேட்சில் விட்டவனுக்கு அன்று ராத்திரி தூக்கம் கிடையாது. அந்தப் பதற்றம் இரண்டு பக்கமும் சமம். அதுதான் இந்த ஆட்டத்தின் ருசி. விதிகளை மாமனாரிடம் கேள், மனுஷர் குஷியாகிவிடுவார். அடுப்பை அணைத்தது யாரோ, டிபன் வாங்கி வருவதும் அவர் பொறுப்பு!

கே (பத்தாம் வகுப்பு மாணவர், மீஞ்சூர்): இந்தப் பகை எப்போது தொடங்கியது?

ப: 1952 அக்டோபரில், டெல்லியில். முதல் டெஸ்டில் வினூ மன்கட் 13 விக்கெட் எடுத்தார், இந்தியாவுக்கு இன்னிங்ஸ் வெற்றி. அடுத்த டெஸ்ட் லக்னோவில். ஃபசல் மஹ்மூத் 12 விக்கெட், பாகிஸ்தானுக்கு இன்னிங்ஸ் வெற்றி. வாங்கிய கடனை அடுத்த மேட்சிலேயே அடைக்கும் வழக்கம் அன்றே வந்துவிட்டது.

கே (ஓய்வு பெற்ற ஆசிரியை, கவரைப்பேட்டை): அந்த முதல் தொடரின் கேப்டன்கள் யார் யார்?

ப: இங்கே லாலா அமர்நாத், அங்கே அப்துல் ஹஃபீஸ் கர்தார். இரண்டு பேருமே லாகூரில் வளர்ந்தவர்கள். 1946-ல் இங்கிலாந்துக்குப் போன இந்திய அணியில் இரண்டு பேரும் இருந்தார்கள், டீச்சர்! கர்தார், அமீர் இலாஹி, குல் முகமது மூவரும் இரண்டு நாடுகளுக்கும் டெஸ்ட் ஆடியவர்கள். ஆட்களெல்லாம் பழையவர்கள். எல்லைக்கோடு மட்டும்தான் புதிது.

கே (ஆட்டோ ஓட்டுநர், பொன்னேரி): அந்தக் காலத்து மேட்செல்லாம் தீப்பொறி பறக்குமா தலைவரே?

ப: தீக்குச்சியையே யாரும் உரசவில்லை! 1952-ல் தொடங்கி 1978 வரை வரிசையாக 13 டெஸ்ட் டிரா. தோற்றுவிட்டு ஊர் திரும்ப இரண்டு அணிக்கும் பயம். 1961-ல் மெட்ராஸ் நேரு ஸ்டேடியத்தில் அவர்கள் 448, நாம் 539. சந்து போர்டே ஒருவரே 177 நாட் அவுட். ரன் வந்தது, கூட்டம் வந்தது. முடிவுதான் வரவில்லை.

கே (கல்லூரி மாணவி, பழவேற்காடு): 1961-க்கும் 1978-க்கும் நடுவே ஒரு மேட்ச்கூட இல்லையே, ஏன்?

ப: நடுவே 1965, 1971 என்று இரண்டு போர். 17 வருஷம் மட்டைக்குப் பூட்டு. டைகர் பட்டோடி 1961 டிசம்பரில் வந்து 1975-ல் விடைபெற்றார். பாகிஸ்தானோடு ஒரு டெஸ்ட்கூட ஆடவில்லை. அவ்வளவு பெரிய கேப்டனுக்கு அவ்வளவு பெரிய மேடை கிடைக்காமலே போனது. பீரங்கி பேசும் இடத்தில் அம்பயர் குரல் எடுபடாது, மகளே.

கே (மளிகைக் கடைக்காரர், சோழவரம்): சேப்பாக்கத்தில் நாம் அவர்களை டெஸ்டில் மண்ணைக் கவ்வ வைத்ததுண்டா?

ப: உண்டு அண்ணாச்சி, அதுவும் பொங்கலோடு! 1980 ஜனவரி 15-ல் தொடங்கிய டெஸ்ட். கவாஸ்கர் 166. கபில்தேவ் மட்டையில் 84, பந்தில் 11 விக்கெட். பத்து விக்கெட் வித்தியாசத்தில் வெற்றி, தொடரும் நமக்கு. அந்த வருஷம் கரும்பு கூடுதலாகவே இனித்தது.

கே (தையல் ஆசிரியை, கும்மிடிப்பூண்டி): 1999 என்று யாராவது சொன்னாலே என் வீட்டுக்காரர் கண் கலங்குகிறார். பழைய காதல் கதையா மாமா?

ப: காதல்தான் தாயே, ஆனால் சேப்பாக்கத்தோடு! ஜனவரி 31, ஞாயிற்றுக்கிழமை. டெஸ்டில் ஜெயிக்க நமக்கு 271 வேண்டும். 82 ரன்னுக்குள் ஐந்து பேர் காலி. அப்புறம் சச்சினும் நயன் மோங்கியாவும் 136 சேர்த்தார்கள். சச்சினுக்கு முதுகுவலி; நிமிரும்போதெல்லாம் முகம் சுளிக்கிறார், குனிந்ததும் பந்து பவுண்டரிக்குப் போகிறது.

136-ல் நிற்கும்போது சக்லைன் முஷ்டாக்கைத் தூக்கி அடித்தார். பந்து வானத்துக்குப் போய் வாசிம் அக்ரம் கைக்கு இறங்கியது. இன்னும் 17 ரன் வேண்டும், மூன்று விக்கெட் பாக்கி. வந்ததோ நான்கே ரன். 12 ரன்னில் தோல்வி.

மைதானம் ஊமையானது. பாகிஸ்தான் வீரர்கள் ஒரு சுற்று ஓடத் தொடங்கினார்கள். சேப்பாக்கம் மொத்தமும் எழுந்து நின்று கைதட்டியது. தோற்ற ஊர் ஜெயித்தவனுக்குத் தட்டிய தட்டு! உன் வீட்டுக்காரர் கலங்கட்டும், தடுக்காதே.

கே (அதே ஊர், அவருடைய வீட்டுக்காரர்!): எதிரிக்குப் போய்க் கைதட்டியது சரியா? எனக்கு இன்னும் ஆறவில்லை.

ப: நூற்றுக்கு நூறு சரி! அந்த மேட்சில் சக்லைன் பத்து விக்கெட் எடுத்தவர். இரண்டாம் இன்னிங்ஸில் அஃப்ரிடி 141. நம் வெங்கடேஷ் பிரசாத் ஒரு ரன்கூடக் கொடுக்காமல் ஐந்து விக்கெட் சாய்த்தும் அவர்கள் ஜெயித்தார்கள். அதைப் பார்த்தும் கை சும்மா இருந்தால் அது கையே இல்லை. எதிராளி பெரிய ஆளாக இருந்தால்தான் நாம் ஜெயிக்கும் நாளுக்கு மரியாதை. சோப்ளாங்கியை ஜெயித்துவிட்டு எவனாவது மீசையை முறுக்குவானா? இதை சேப்பாக்கம் அறிந்திருந்தது. ஆட்ட நாயகன் விருது சச்சினுக்கு. ஆட்டம் பார்த்தவர்களுக்கு விருது கிடையாது. இருந்திருந்தால் அன்று சென்னைக்குத்தான்.

கே (வழக்கறிஞர், திருவள்ளூர்): அந்தத் தொடர் டெல்லியில் தொடங்குவதாக இருந்ததே, சென்னைக்கு எப்படி வந்தது?

ப: எதிர்ப்பாளர்கள் ராத்திரியோடு ராத்திரியாக டெல்லி ஆடுகளத்தைத் தோண்டிப் போட்டார்கள். அதனால் சென்னை முதல் டெஸ்ட், டெல்லி இரண்டாவது. டெல்லியில் கும்ப்ளே ஒரே இன்னிங்ஸில் 74 ரன்னுக்குப் பத்து விக்கெட்டையும் அள்ளினார். தோண்டினவன் பெயர் எவனுக்கும் தெரியாது. கும்ப்ளே பெயர் உங்கள் பேரனுக்கும் தெரியும், வக்கீல் சார்.

கே (இரவு ஷிப்ட் தொழிலாளி, கும்மிடிப்பூண்டி சிப்காட்): ரிவர்ஸ் ஸ்விங், ரிவர்ஸ் ஸ்விங் என்கிறார்களே, அது என்ன எழவு அண்ணே?

ப: பந்தின் ஒரு பக்கத்தைப் பேண்டில் தேய்த்துத் தேய்த்துப் பளபளப்பாக வைத்துக்கொள்வார்கள், மறுபக்கத்தைச் சொரசொரப்பாக விட்டுவிடுவார்கள். புதுப்பந்து சொரசொரப்பான பக்கம் வளையும். நன்றாகப் பழசான பந்தை 140 கிலோமீட்டர் வேகத்தில் விட்டால் நேர்மாறாக, பளபளப்பான பக்கம் வளையும். அதுவும் கடைசி நொடியில், காலடியில்.

சர்ஃப்ராஸ் நவாஸ் இம்ரானுக்குக் காட்டினார். இம்ரான் வாசிமுக்கும் வக்காருக்கும் கொடுத்தார். பின்னாளில் நம் ஜாகீர்கானும் அதில் கைதேர்ந்தார். எதிராளியின் பள்ளிக்கூடத்தில் ஃபீஸ் கிடையாது தம்பி. கண் திறந்திருந்தால் போதும்.

கே (அவருடைய ஷிப்ட் தோழர், அதே இடம்): அப்படியே தூஸ்ராவையும் சொல்லிடுங்க.

ப: ஆஃப் ஸ்பின்னர் போடும் பந்து வலக்கை ஆட்டக்காரரை நோக்கி உள்ளே திரும்ப வேண்டும். அதே கை, அதே சுழற்று, ஆனால் பந்து வெளியே ஓடும். பார்ப்பவனுக்கு வித்தியாசம் தெரியாது; தெரியும்போது பந்து கீப்பர் கையில் இருக்கும். இதை உலகத்துக்குப் பிரபலப்படுத்தியவர் சக்லைன் முஷ்டாக். மேலே சொன்ன 1999 சேப்பாக்கம் மேட்சில் சச்சினை எடுத்தாரே, அதே ஆள். சரி, மெஷினைப் பார்த்து வேலை செய்யுங்க ரெண்டு பேரும்!

கே (பால் பண்ணைக்காரர், பெரியபாளையம்): எங்க சித்தப்பா ‘சேத்தன் சர்மா’ என்று யாராவது சொன்னால் எழுந்து போய்விடுகிறார். ஏன்?

ப: 1986 ஏப்ரல் 18, ஷார்ஜா. கடைசிப் பந்தில் பாகிஸ்தானுக்கு நாலு ரன் வேண்டும். சேத்தன் சர்மா யார்க்கர் போட நினைத்தார், ஃபுல்டாஸாகப் போனது, மியாண்டட் சிக்ஸர் அடித்தார். அதே சேத்தன் சர்மா அடுத்த வருஷம் உலகக் கோப்பையில் முதல் ஹாட்ரிக் எடுத்தார். இந்தச் செய்தியைச் சித்தப்பாவிடம் சொல்லி உட்கார வையுங்கள். ஒரு பந்தை வைத்து ஒரு மனுஷனை எடை போடக் கூடாது.

கே (ரயில் பயணி, அத்திப்பட்டு): இந்தச் சண்டையில் நம்ம தமிழ்ப் பசங்க பங்கு என்ன?

ப: தாராளம்! 1985 மார்ச், மெல்போர்ன், உலக சாம்பியன்ஷிப் ஃபைனல். பத்தொன்பது வயது லட்சுமண் சிவராமகிருஷ்ணன் மூன்று விக்கெட். மியாண்டடை இறங்கி வர வைத்து ஸ்டம்பிங். ஸ்ரீகாந்த் 67, ஆட்ட நாயகன். 1987-ல் சேப்பாக்கத்தில் அதே ஸ்ரீகாந்த் 123.

2004-ல் லட்சுமிபதி பாலாஜி. சிரித்த முகத்தோடு பாகிஸ்தான் போனார். ராவல்பிண்டி டெஸ்டில் முதல் இன்னிங்ஸில் நாலு விக்கெட் எடுத்தார். பாகிஸ்தான் மண்ணில் இந்தியா ஜெயித்த முதல் டெஸ்ட் தொடர் அது. அங்கிருந்த கூட்டமே அவர் பெயரைச் சொல்லிக் கூவியது. சேப்பாக்கம் கொடுத்த கைதட்டலுக்கு ஐந்து வருஷத்தில் வட்டியோடு வரவு!

கே (கல்லூரி மாணவர், மீஞ்சூர்): அஷ்வினை விட்டுட்டீங்களே மாமா!

ப: தனியாகச் சொல்ல வைத்திருந்தேன் மாப்ளே. 2022 அக்டோபர், மெல்போர்ன், தொண்ணூறாயிரம் பேர். 31 ரன்னுக்கு நாலு விக்கெட் போன இடத்திலிருந்து கோலி இழுத்து வந்தார். கடைசி ஓவரில் ஐந்தாம் பந்துக்குத் தினேஷ் கார்த்திக் ஸ்டம்பிங். ஒரு பந்து, இரண்டு ரன். அஷ்வின் உள்ளே வருகிறார்.

முகமது நவாஸ் காலுக்கு வெளியே போட்டார். எவனாக இருந்தாலும் கண்ணை மூடிக்கொண்டு சுழற்றியிருப்பான். அஷ்வின் லேசாக நகர்ந்து விட்டுவிட்டார். வைடு! அடுத்த பந்தை மிட்-ஆஃபுக்கு மேல் தூக்கிவிட்டு ஓடினார். அன்று அவர் அடித்த ஷாட்டைவிட அடிக்காத ஷாட்தான் பெரியது. கணக்குத் தெரிந்தவன் கடைசிப் பந்திலும் கணக்குப் போடுவான்.

கே (ஹோட்டல் மாஸ்டர், கும்மிடிப்பூண்டி): சென்னை வெயிலில் பாகிஸ்தான்காரர்கள் திணறியதுண்டா?

ப: 1997 மே 21. கத்திரி வெயில். சயீத் அன்வர் தசை பிடித்து, ஓட முடியாமல், தனக்காக அஃப்ரிடியை ஓட வைத்து 194 அடித்தார். அன்றைக்கு ஒருநாள் போட்டியில் உலக சாதனை. பதிலுக்கு திராவிட் தன் முதல் ஒருநாள் சதத்தை அடித்தும் நமக்கு 35 ரன் பற்றாக்குறை. வெயில் அவர் காலைத்தான் பிடித்தது மாஸ்டர், மட்டையை இல்லை.

கே (பிளஸ் டூ மாணவர், ஆரணி): மைதானத்தில் முறைப்பது, சீண்டுவது எல்லாம் தேவையா?

ப: 1996 உலகக் கோப்பைக் காலிறுதி, பெங்களூரு. ஆமிர் சோஹைல் ஒரு பவுண்டரி அடித்துவிட்டு, மட்டையை அந்தப் பக்கம் நீட்டி ‘போய்ப் பொறுக்கிட்டு வா’ என்பதுபோல் பிரசாத்துக்குக் காட்டினார். அடுத்த பந்து, ஸ்டம்பு பறந்தது. முறைக்கலாம் தம்பி. ஆனால் முறைத்தவன் அடுத்த பந்தையும் ஆடியாக வேண்டும்.

கே (வங்கி ஊழியர், பொன்னேரி): எப்போதும் நாம்தானே ஜெயிக்கிறோம், இதில் போட்டி எங்கே இருக்கிறது?

ப: பாஸ்புக்கை முதல் பக்கத்திலிருந்து புரட்டுங்கள் சார். 59 டெஸ்டில் அவர்கள் 12, நாம் 9, மீதி 38 டிரா. ஒருநாள் போட்டியில் அவர்கள் 73, நாம் 58. நாம் கொடி நாட்டியிருப்பது உலகக் கோப்பையில்: 1992 முதல் 2023 வரை ஒருநாள் உலகக் கோப்பைகளில் எட்டுக்கு எட்டு. ஆனால் 2017 சாம்பியன்ஸ் டிராபி ஃபைனலில் 180 ரன்னில் நம்மைப் புரட்டினார்கள். 2021 துபாயில் ஒரு விக்கெட்டைக்கூட இழக்காமல் ஜெயித்தார்கள். சமீபத்து வரவை மட்டும் பார்த்துவிட்டு மொத்த இருப்பைச் சொல்லாதீர்கள்.

கே (ஒப்பந்தத் தொழிலாளி, எளாவூர்): என் யூனிட்டில் பீகார், ஜார்க்கண்ட் பசங்க நிறைய. மேட்ச் அன்று அவங்க தனியா, நாங்க தனியா பார்க்கிறோம். ஒரே போனில் பார்க்கலாம்னா கூச்சமா இருக்கு.

ப: கூச்சத்தைப் போக்க ஒரு கதை சொல்கிறேன். 2012 டிசம்பர் 30, சேப்பாக்கம். 29 ரன்னுக்கு ஐந்து விக்கெட் காலி. ராஞ்சிக்காரர் தோனி ஒரு முனையில். பின்னால் வந்து சேர்ந்தவர் மேற்கு மாம்பலத்து அஷ்வின். பிரியாமல் 125 ரன். தோனி தசைப்பிடிப்போடு 113 நாட் அவுட். மேட்ச் தோற்றது, தோனிக்கு ஆட்ட நாயகன் விருது. ராஞ்சியும் மாம்பலமும் அத்தனை ஓவர் சேர்ந்து நிற்க முடிந்தது. நீங்கள் ஒரு பெஞ்சில் உட்கார முடியாதா? டீ செலவு உங்களுடையது, முதல் ஷிப்ட் முடிந்ததும் கூப்பிடுங்கள்.

கே (பெயர் வேண்டாம், பழவேற்காடு): மேட்ச் அன்று என் மகனைப் பார்த்து ‘நீ எந்தப் பக்கம்?’ என்று கேட்கிறார்கள். எங்கள் பெயரை வைத்து.

ப: அம்மா, அந்தக் கேள்வி கேட்டவன் ஆட்டத்தை விட்டு எப்போதோ வெளியே போய்விட்டவன். 2021 துபாய் தோல்விக்குப் பிறகு முகமது ஷமியையும் இப்படித்தான் கேட்டார்கள். கேப்டன் கோலி எல்லார் முன்னாலும் அவர் பக்கம் நின்றார். அதே ஷமி 2023 உலகக் கோப்பையில் இந்தியாவுக்காக 24 விக்கெட் எடுத்தார். அந்தக் கோப்பையில் அதைவிட அதிகம் யாரும் எடுக்கவில்லை. கேட்டவர்கள் நாட்டுக்காக எத்தனை விக்கெட் எடுத்தார்கள்? உங்கள் மகன் எந்தப் பக்கமும் நிரூபிக்க வேண்டியதில்லை. தலை நிமிர்ந்து மேட்ச் பார்க்கச் சொல்லுங்கள். அவன் ஊர், அவன் டீம், அவன் சோபா.

கே (வீட்டுத் தலைவி, மணலி): மேட்ச் நேரத்தில் கரண்ட் போனால் என்ன செய்வது?

ப: அந்தக் காலத்தில் டிரான்சிஸ்டர்தான் மைதானம். வானொலியில் அப்துல் ஜப்பாரும் கூத்தபிரானும் தமிழில் வர்ணிக்க, பந்து எங்கே போகிறது என்று கண்ணை மூடிக்கொண்டே பார்த்தோம். அனல்மின் நிலையத்துப் பக்கத்திலேயே இருந்துகொண்டு கரண்டைப் பற்றிக் கேட்கிறீர்களே என்று வருத்தம்தான். இருந்தாலும் ஒரு பழைய ரேடியோ வாங்கி வையுங்கள். காது பார்த்த சிக்ஸர் கண் பார்த்ததைவிடத் தூரம் போகும்.

கே (இளைஞர், தச்சூர் கூட்டுச் சாலை): பாகிஸ்தான் மேட்சில் ஆயிரம் ரூபாய் கட்டலாமா மாமா?

ப: தாராளமாகக் கட்டு, கரண்ட் பில்! காசு கட்டி ஆடும் ஆன்லைன் ஆட்டங்களை 2025-ல் நாடாளுமன்றமே சட்டம் போட்டுத் தடை செய்துவிட்டது. சம்பளம் வாங்க மாசம் முழுக்க ஷிப்ட் பார்க்கிறாய். அதை ஆறு பந்தில் தொலைக்காதே. இந்த மேட்சுக்குப் படபடப்பு ஏற்கெனவே போதும். காசும் சேர்ந்தால் ஆட்டமே கண்ணில் படாது.

கே (நூலகர், ரெட்ஹில்ஸ்): கிரிக்கெட்டின் பழைய பகை இதுதானா?

ப: இல்லை ஐயா, ஆஷஸ் மூத்தது. 1882-ல் லண்டன் ஓவல் மைதானத்தில் 85 ரன் எடுக்க முடியாமல் இங்கிலாந்து ஏழு ரன்னில் ஆஸ்திரேலியாவிடம் தோற்றது. ஸ்பாஃபோர்த் 14 விக்கெட். ‘இங்கிலீஷ் கிரிக்கெட் செத்தது’ என்று ஒரு லண்டன் பத்திரிகை மரண அறிவிப்பே போட்டது. அதிலிருந்து பிறந்த சாம்பல் ஜாடி ஒரு சாண் உயரம்கூட இல்லை. யார் ஜெயித்தாலும் லார்ட்ஸ் காட்சியகத்திலேயே இருக்கும். கோப்பை சின்னதாக இருக்கலாம், வீராப்பு பெரிதாக இருந்தால் போதும்.

கே (அவரே): அதைவிடப் பழசு?

ப: 1844, நியூயார்க். அமெரிக்காவுக்கும் கனடாவுக்கும்! கிரிக்கெட்டின் முதல் சர்வதேச மேட்ச் அதுதான். கனடா 23 ரன்னில் ஜெயித்தது. 180 வருஷம் கழித்து, 2024-ல், அமெரிக்கா டல்லாஸில் சூப்பர் ஓவரில் பாகிஸ்தானைச் சாய்த்தது. புதுசு என்று நினைத்தவன் ரொம்பப் பழைய ஆள்.

கே (வரலாற்று மாணவி, பொன்னேரி): நம்ம மெட்ராஸுக்கென்று ஒரு பழைய கிரிக்கெட் பகை உண்டா?

ப: உண்டு, அதுவும் பொங்கலை ஒட்டியே! சேப்பாக்கத்தில் இந்தியர் – ஐரோப்பியர் பிரசிடென்சி மேட்ச். விதை போட்டவர் புச்சிபாபு நாயுடு. ஆள்பவனை அவன் ஆட்டத்திலேயே எதிர்த்து நின்ற நாட்கள். 1934 பிப்ரவரியில் சேப்பாக்கத்தின் முதல் டெஸ்ட். இங்கிலாந்து கேப்டன் யார் தெரியுமா? ஆஸ்திரேலியாவில் ஆட்டக்காரர்களின் உடம்பைக் குறிவைத்துப் பந்து போடச் சொல்லி இரண்டு நாட்டு உறவையே உலுக்கிய ஜார்டின். அதற்கு அடுத்த வருஷமே நம்ம வாலாஜா சாலைக்கு வந்துவிட்டார். நாம் தோற்றோம், ஆனால் அமர்சிங் ஏழு விக்கெட் எடுத்து ‘இங்கேயும் பந்து போடத் தெரியும்’ என்று காட்டினார்.

கே (மீனவர், பழவேற்காடு): பாகிஸ்தான் தூரம். பக்கத்தில் இருக்கும் இலங்கையோடு நமக்குப் போட்டி இல்லையா?

ப: மெட்ராஸும் சிலோனும் மோத எம்.ஜே. கோபாலன் கோப்பை 1950-களில் தொடங்கியது. ரஞ்சிக் கோப்பையின் முதல் பந்தைச் சேப்பாக்கத்தில் போட்டவர் அந்தக் கோபாலன். யாழ்ப்பாணத்தில் சென் ஜோன்ஸ் கல்லூரியும் யாழ் மத்திய கல்லூரியும் 1904 முதல் மோதுவதற்கு ‘வடக்கின் பெரும்போர்’ என்றே பெயர். அந்த ஊர் பார்க்காத போரா? ஆனாலும் கொண்டாடத் தேர்ந்தெடுத்த போர் இதுதான்.

கே (மகளிர் குழுத் தலைவி, கவரைப்பேட்டை): ஆண்கள் பற்றியே பேசுகிறீர்கள். பெண்கள் ஆடுவதில்லையா?

ப: ஆடுகிறார்கள், அடிக்கிறார்கள்! ஒருநாள் போட்டியில் 2025 வரை 12 முறை மோதி 12-லும் இந்தியப் பெண்களே ஜெயித்தார்கள். கடைசியாக 2025 அக்டோபரில் கொழும்பில் 88 ரன் வித்தியாசம். அடுத்த மாதம் உலகக் கோப்பையும் நமக்கே. பாகிஸ்தான் பெண்களும் எழுந்து வர வேண்டும் என்பது என் ஆசை. ஒருபக்கமாகவே போனால் உங்கள் குழுக் கூட்டம் மாதிரி ஆகிவிடும். தலைவி மட்டும் பேசுவார்.

கே (முன்னாள் ராணுவ வீரர், திருவள்ளூர்): 2025 ஆசியக் கோப்பையில் நம் வீரர்கள் கைகொடுக்க மறுத்தது சரிதானே?

ப: பஹல்காமில் 26 உயிர்கள் போன வலி பொய்யில்லை ஐயா, அதை உங்களைவிட யார் அறிவார்? அந்த வலியால் ஆடவே மாட்டோம் என்றிருந்தால் தலைவணங்கியிருப்பேன். ஆடுவது என்று முடிவெடுத்துவிட்டால் கைகொடுப்பதும் ஆட்டத்தில் சேர்த்தி. மூன்று முறை மோதினோம், மூன்றிலும் ஜெயித்தோம். ஜெயித்த கை நீள்வதில் நஷ்டம் ஏதுமில்லை. பெரிய மேசைகளில் உட்கார்ந்து எடுக்க வேண்டிய முடிவை இருபத்தைந்து வயதுப் பையன்களின் உள்ளங்கையில் திணித்ததுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

கே (கணக்காளர், கும்மிடிப்பூண்டி சிப்காட்): நாட்டுக்கு நாடு தொடர் இல்லை. ஆனால் ஒவ்வொரு உலகப் போட்டியிலும் இரண்டும் ஒரே பிரிவில் வருவது எப்படி?

ப: லெட்ஜரைப் பார்க்கிறவர் கேட்கிற கேள்வியா இது? டிவி உரிமைக்கு விலை ஏற்றுவதே இந்த ஒரு மேட்ச்தான். 2012–13-க்குப் பிறகு இரு நாட்டுத் தொடரே கிடையாது. இப்போது ஒருவர் மண்ணில் இன்னொருவர் உலகப் போட்டிகூட ஆடாமல் மூன்றாம் நாட்டுக்குப் போகிறார்கள். வருஷத்துக்கு விரல்விட்டு எண்ணும் அளவுக்கே மேட்ச், அதற்கு வானத்தை முட்டும் விளம்பரம். பகையை விற்கிறார்கள், ஆட்டத்தைப் பதுக்குகிறார்கள்.

கே (சிறுவர் அணித் தலைவர், ஆரணியாற்றங்கரை): எங்க தெருவுக்கும் பக்கத்துத் தெருவுக்கும் ரப்பர் பால் மேட்ச் சண்டையில் நின்னுபோச்சு. இப்போ யாரோடயும் ஆட முடியலை.

ப: உன் காஜி முடிந்ததும் பேட்டைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போயிருப்பாய், அதுதானே? போய்க் கூப்பிடு. முதல் பேட்டிங்கை அவர்களுக்கே கொடு. அவுட்டுக்கு நடுவர் நடுத்தெரு அண்ணன். பக்கத்துத் தெரு இல்லாவிட்டால் உன் டீமுக்குள்ளேயே சண்டை வரும்; அது இதைவிட மோசம், கேப்டன்!

கே (முதல் முறை மைதானம் போகும் தம்பதி, பொன்னேரி): சேப்பாக்கம் போக வழி சொல்லுங்கள்.

ப: பொன்னேரியில் எலக்ட்ரிக் ட்ரெயின் ஏறி சென்ட்ரல். ரோட்டைத் தாண்டினால் பார்க் டவுன். பறக்கும் ரயிலில் சிந்தாதிரிப்பேட்டை, அடுத்தது சேப்பாக்கம். இறங்கினால் மைதானம் எதிரே. 2023-ல் பாகிஸ்தான் அங்கே வந்து ஆப்கானிஸ்தானிடமும், ஒரே விக்கெட்டில் தென்னாப்பிரிக்காவிடமும் தோற்றுப் போனது. நம்மோடு அங்கே கடைசியாக ஆடியது 2012-ல். வழி அப்படியே இருக்கிறது. வர வேண்டியது மேட்ச்.

கே (கல்லூரி முதலாண்டு மாணவர், பொன்னேரி): எனக்கு வயது 18. இந்தியா – பாகிஸ்தான் டெஸ்ட் ஒன்றுகூடப் பார்த்ததில்லை. நான் எதை இழந்தேன் மாமா?

ப: கடைசி டெஸ்ட் 2007 டிசம்பர், பெங்களூரு. நீ தொட்டிலில் இருந்திருப்பாய். இருபது ஓவரில் நீ பார்ப்பது முறைப்பு. ஐந்து நாளில் பார்ப்பது மனுஷனை: முதல் நாள் திமிர், மூன்றாம் நாள் களைப்பு, ஐந்தாம் நாள் யார் யாரென்ற உண்மை. அந்த ஐந்து நாளைக் கொடுத்தால்தான் எதிராளியின் திறமை உன் கண்ணில் படும். கண்ணில் பட்டால் கை தானாகத் தட்டும். சேப்பாக்கம் தட்டியதும் நாலு நாள் பார்த்த பிறகுதான்.

பெரியவர்கள் சொல்லும் கதையோடு உன் தலைமுறை நின்றுவிடக் கூடாது. உனக்கு ஓட்டு வந்துவிட்டது, குரலும் இருக்கிறது. சத்தமாகக் கேள்: டெஸ்ட் வேண்டும், சேப்பாக்கத்தில் வேண்டும், பொங்கலுக்கு வேண்டும்!